ரபாத், 1969: ஒரு நாற்காலிக்கு நடந்த சண்டை

1969 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை காலை. ஜெருசலேம் பழைய நகரில் அல்-அக்ஸா பள்ளிவாசலுக்குள் ஓர் ஆஸ்திரேலிய இளைஞன் நுழைந்தான். டெனிஸ் மைக்கேல் ரோஹன், வயது 28, ஊரில் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் வேலை பார்த்தவன். பள்ளிவாசல் அழிந்தால் அங்கே யூதர்களின் பழைய ஆலயம் எழும், அது எழுந்தால் இயேசு திரும்பி வருவார் என்று நம்பினான். அந்தப் பணிக்குக் கடவுள் தன்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றும் நம்பினான். பத்து நாளுக்கு முன்பே ஒருமுறை முயன்று தோற்றிருந்தான். இந்த முறை துணியை எண்ணெயில் நனைத்து, இமாம் ஏறி நின்று குத்பா ஓதும் மிம்பருக்கு அடியில் வைத்துக் கொளுத்தினான்.

அந்த மிம்பரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதைக்குள் போக முடியாது. சிலுவைப் போர்க்காரர்கள் கையில் ஜெருசலேம் இருந்தபோதே, என்றாவது ஒருநாள் மீட்போம் என்ற உறுதியில் சுல்தான் நூருத்தீன் அலெப்போவில் செய்யச் சொன்னது அது. வேலை தொடங்கியது 1168 வாக்கில். ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளை ஆணியும் இல்லாமல் பசையும் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி, தந்தம் பதித்து இழைத்தார்கள். நகரம் மீளும் முன்பே நூருத்தீன் இறந்துவிட்டார். 1187இல் ஜெருசலேமை வென்ற சலாஹுத்தீன், அதை அலெப்போவிலிருந்து வரவழைத்து அக்ஸாவில் வைத்தார். எண்ணூறு ஆண்டு நின்ற அந்த மரவேலை ஒரே காலையில் கரியானது. பழைய நகரத்து மக்கள் வாளியில் தண்ணீரும் மண்ணும் சுமந்து ஓடினார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் வந்தன. பள்ளிவாசல் பிழைத்தது, மிம்பர் பிழைக்கவில்லை. ஜோர்டானில் பல ஆண்டு உழைத்து அதே முறையில் செய்த புதிய மிம்பர் 2007இல்தான் அந்த இடத்துக்கு வந்தது.

ரோஹனை இரண்டே நாளில் பிடித்தார்கள். இஸ்ரேலிய நீதிமன்றம் அவனைப் பித்தன் என்று தீர்மானித்து மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது. முஸ்லிம் நாடுகளில் அந்த விளக்கத்தை ஏற்றவர்கள் குறைவு. இரண்டு ஆண்டுக்கு முன்புதான், 1967 ஜூன் போரில், இஸ்ரேல் கிழக்கு ஜெருசலேமைப் பிடித்திருந்தது. ஊரைக் கையில் வைத்திருப்பவர்தானே பள்ளிவாசலுக்குப் பொறுப்பு என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. செப்டம்பர் 15 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 271ஆம் தீர்மானத்தில், ஜெருசலேமின் நிலையை மாற்றும் நடவடிக்கைகளைக் கைவிடும்படி இஸ்ரேலை வற்புறுத்தியது. அமெரிக்கா உட்பட நான்கு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின.

சென்ற அத்தியாயத்தில், 1924 மார்ச்சில் துருக்கி கிலாபத்தை ஒழித்த பிறகு அந்த வெற்றிடத்தை நிரப்ப நடந்த மாநாடுகளைப் பார்த்தோம். 1926இல் கெய்ரோவிலும் மக்காவிலும் கூடினார்கள். 1931 டிசம்பரில் ஜெருசலேமிலேயே கூடினார்கள். அவற்றுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் உலமாக்கள், கவிஞர்கள், இயக்கத் தலைவர்கள். அவர்களிடம் பேச்சு இருந்தது, அரசு இல்லை. 1969இல் நிலைமை தலைகீழ். இப்போது கூடப்போகிறவர்கள் மன்னர்கள், ஜனாதிபதிகள், பிரதமர்கள். ராணுவம் வைத்திருப்பவர்கள், எண்ணெய்க் கிணறு வைத்திருப்பவர்கள். மதம் முதன்முறையாக அரசுகளின் நிரந்தர அமைப்பு ஒன்றுக்கு உறுப்பினர் தகுதியாகப் போகிறது. அந்தத் தகுதியை யார் அளப்பது, எந்தக் கோலால் அளப்பது என்ற சண்டைதான் இந்த அத்தியாயம்.

ஃபைசலின் கனவு, நாசரின் சந்தேகம்

முஸ்லிம் நாடுகளின் உச்சி மாநாடு என்ற யோசனை தீயில் பிறந்ததல்ல. சவூதி மன்னர் ஃபைசல் அதை மூன்று, நான்கு ஆண்டாகச் சுமந்து திரிந்தார். 1965 டிசம்பரில் ஈரானுக்குப் போனார். அடுத்த ஆண்டு ஜோர்டான், சூடான், பாகிஸ்தான், துருக்கி, மொராக்கோ, கினி, மாலி, துனீசியா என்று சுற்றினார். போன இடமெல்லாம் இஸ்லாமிய ஒற்றுமை என்றார். பக்தி அதில் உண்மையாகவே இருந்தது. ஃபைசல் நடிகர் அல்ல. கூடவே ஒரு கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கின் பெயர் கமால் அப்துல் நாசர்.

அரபு தேசியம் என்ற கொடியை நாசர் உயர்த்திப் பிடித்திருந்த காலம் அது. அந்தக் கொடியின் நிழலில் மன்னராட்சிக்கு இடம் இல்லை. 1962இல் யேமனில் மன்னரைக் கவிழ்த்தவர்களுக்கு உதவ எகிப்து படை அனுப்பியது. மன்னர் பக்கம் நின்றவர்களுக்குச் சவூதி பணமும் ஆயுதமும் கொடுத்தது. முஸ்லிம் உலக லீக் மக்காவில் தொடங்கப்பட்டதும் அதே 1962இல்தான். அரபு என்று எண்ணினால் தலைமை கெய்ரோவுக்கு. முஸ்லிம் என்று எண்ணினால் ஈரானும் பாகிஸ்தானும் துருக்கியும் ஆப்பிரிக்க நாடுகளும் வட்டத்துக்குள் வந்து நாசரின் குரல் சிறுத்துவிடும். இது ஃபைசலுக்குத் தெரியும், நாசருக்கும் தெரியும். அதனால்தான் நாசர் அந்த முயற்சியை மேற்கு நாடுகள் மதத்தின் பெயரால் கட்டும் கூட்டணி என்று சாடிவந்தார்.

1967 தோல்வி கணக்கை மாற்றியது. கார்த்தூம் உச்சி மாநாட்டில் எகிப்துக்கும் ஜோர்டானுக்கும் ஆண்டுதோறும் 13.5 கோடி பவுண்டு கொடுக்கச் சவூதியும் குவைத்தும் லிபியாவும் ஒப்புக்கொண்டன. யேமனிலிருந்து எகிப்துப் படை திரும்பியது. பணம் வாங்கும் இடத்தில் நின்ற நாசரால் பழையபடி மறுக்க முடியவில்லை. அக்ஸா எரிந்த நான்கே நாளில் அரபு வெளியுறவு அமைச்சர்கள் கெய்ரோவில் கூடினார்கள். இஸ்லாமிய உச்சி மாநாட்டுக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு சவூதியிடமும் மொராக்கோவிடமும் ஒப்படைக்கப்பட்டது. செப்டம்பர் 22, மொராக்கோ தலைநகர் ரபாத் என்று முடிவானது. அந்தச் செப்டம்பரில் நாசருக்கு மாரடைப்பு வந்துவிட்டது. எகிப்தின் சார்பில் ரபாத்துக்குப் போனவர் அன்வர் சாதத்.

யார் உள்ளே, யார் வெளியே

மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் ரபாத் ஹில்டன் ஓட்டலில் மாநாட்டைக் கூட்டினார். சுமார் இரண்டு டஜன் நாடுகள் வந்தன. ஈரான் ஷா வந்தார், ஜோர்டான் மன்னர் ஹுசைன் வந்தார், அல்ஜீரியாவின் பூமெதியன் வந்தார், பாகிஸ்தான் ஜனாதிபதி யாஹ்யா கான் வந்தார். துருக்கி தன் வெளியுறவு அமைச்சரை அனுப்பியது. சிரியாவும் இராக்கும் வரவில்லை. பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்குப் பார்வையாளர் இடம் கிடைத்தது.

வந்தவர்களைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். மதச்சார்பின்மையை அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்திருந்த துருக்கி உள்ளே இருந்தது. அது இஸ்ரேலை அங்கீகரித்த நாடும்கூட. ஈரான் இஸ்ரேலுக்கு எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தது, அதுவும் உள்ளே. லெபனானிலும் செனெகலிலும் ஜனாதிபதிகள் கிறிஸ்தவர்கள், இரண்டும் உள்ளே. ஆக, அளவுகோல் நெகிழ்வாகத்தான் இருந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. நெகிழ்வு இருந்ததால்தான் அத்தனை பேரை ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைக்க முடிந்தது. ஆனால் அந்த நெகிழ்வு எங்கே நின்றுபோனது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் மோரித்தானியாவைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாடு முழுவதும் தன் நிலம் என்று உரிமை கோரி, 1960இலிருந்து மொராக்கோ அதை அங்கீகரிக்காமலே இருந்தது. ரபாத் மாநாட்டுக்கு அதன் ஜனாதிபதி மொக்தார் உல்து தாதாவை ஹசன் அழைத்தார். எதிரியின் தலைநகரில் அவர் விருந்தினராக இறங்கினார். அடுத்த ஆண்டுக்குள் இரு நாட்டுக்கும் தூதரக உறவு, நட்பு ஒப்பந்தம் எல்லாம் வந்துவிட்டன. ஷாவும் சாதத்தும் சபையிலேயே காரசாரமாக மோதிக்கொண்டார்கள். ஆனால் 1960இல் அறுந்திருந்த ஈரான், எகிப்து உறவு 1970இல் மீண்டும் தொடங்கியது. அந்த இருவரின் நட்பு, பதவி இழந்து நாடுநாடாக அலைந்த ஷாவுக்குக் கெய்ரோவில் அடக்கத்தலம் கொடுக்கும் வரை நீண்டது. சாதாரணமாக ஒரே மேசைக்கு வரமாட்டாதவர்களை வரவழைக்கும் மரியாதையான காரணமாக மதம் அமைந்தது. சர்வதேச உறவில் இது சிறிய காரியமல்ல.

ஜெருசலேமிலிருந்து அகமதாபாத்

இந்தியாவுக்கு முதலில் அழைப்பு இல்லை. டெல்லி விடவில்லை. இந்தோனேசியா, பாகிஸ்தான் இரண்டுக்கும் அடுத்தபடியாக உலகில் அதிக முஸ்லிம்கள் வாழும் நாடு இது. 1971 கணக்கெடுப்பில் 6 கோடிக்கும் மேல். பாலஸ்தீனப் பிரச்சினையில் நேரு காலத்திலிருந்து அரபு நாடுகளின் பக்கம் நின்ற நாடு. இந்த வாதத்தோடு சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அந்த மேடையில் பாகிஸ்தான் மட்டும் இருந்தால் காஷ்மீர் பற்றி எதிர்ப்பேச்சே இல்லாமல் போய்விடும்.

செப்டம்பர் 23 அன்று மாநாடு இந்தியாவையும் அழைக்க ஒருமனதாக முடிவெடுத்தது. யாஹ்யா கானும் தடுக்கவில்லை. டெல்லியிலிருந்து தூதுக்குழு வந்து சேரும் வரை மொராக்கோவிலிருந்த இந்தியத் தூதர் குர்பச்சன் சிங் சபையில் உட்கார்ந்தார். தலைப்பாகை கட்டிய சீக்கியர் ஒருவர் இஸ்லாமிய உச்சி மாநாட்டில் இந்தியாவின் நாற்காலியில் இருந்தார். மத்திய அமைச்சர் பக்ருத்தீன் அலி அகமது தலைமையில் குழு அவசரமாகப் புறப்பட்டது. 1974இல் நம் குடியரசுத் தலைவரான அதே பக்ருத்தீன் அலி அகமதுதான்.

மறுநாள் யாஹ்யா கான் கூட்டத்துக்கு வரவில்லை. தங்கியிருந்த மாளிகையை விட்டு நகரவில்லை. இந்திய அரசின் பிரதிநிதிகள் இருக்கும் சபையில் உட்காரமாட்டேன், இந்திய முஸ்லிம்களின் பிரதிநிதிகள் என்று நினைத்துத்தான் சம்மதித்தேன் என்பது அவர் நிலை. கூடவே அவர் எடுத்துவைத்த வாதம் அகமதாபாத்.

இதை நான் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். அக்ஸா எரிந்த செய்தி கேட்டு இந்தியாவின் பல ஊர்களில் முஸ்லிம்கள் கண்டன ஊர்வலம் போனார்கள். ஆகஸ்ட் கடைசியில் அகமதாபாத்திலும் ஒரு பெரிய ஊர்வலம் போனது. எங்கேயோ இருக்கும் பள்ளிவாசலுக்கு இங்கே என்ன ஊர்வலம் என்று அந்த ஊரில் ஒரு விஷப் பேச்சு பரவத் தொடங்கியது. செப்டம்பர் 18 அன்று ஜகந்நாதர் கோயில் அருகே ஒரு தர்காவில் உரூஸ் கூட்டம். கோயில் மாடுகளை ஓட்டிக்கொண்டு சாதுக்கள் அந்த நெரிசலில் வந்தார்கள். சிறு கைகலப்பு. அதைத் தொடர்ந்து பற்றிய கலவரத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். பிரிவினைக்குப் பிறகு நாடு அதுவரை பார்த்திராத வெறியாட்டம். ரபாத்தில் தலைவர்கள் ஹில்டன் ஓட்டலில் பேசிக்கொண்டிருந்த அதே நாள்களில் அகமதாபாத்தில் பிணங்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெருசலேமில் எரிந்த பள்ளிவாசலுக்காகத் தெருவில் இறங்கியவர்களின் ஊர் எரிந்தது. அந்த ஊர் எரிந்ததையே காரணம் காட்டி, அவர்கள் நாட்டுக்கு அந்தப் பள்ளிவாசலுக்கான மாநாட்டில் இடம் மறுத்தார்கள். யாஹ்யா கானுக்கு அகமதாபாத்தின் பிணங்கள் பேச்சுவார்த்தையில் ஒரு துருப்பு. டெல்லிக்கோ அது வெளிநாட்டில் வாய் திறக்க முடியாத அவமானம். செத்தவர்களுக்காக அங்கே பேச யாரும் இல்லை. இந்த வரலாற்றை எத்தனை முறை படித்தாலும் என் மனம் இந்த இடத்தில்தான் கனக்கிறது.

யாஹ்யாவைச் சமாதானப்படுத்தத் தலைவர்கள் அவர் மாளிகைக்குப் போய்வந்தார்கள். அவர் அசையவில்லை. உள்நாட்டில் அயூப் கானை இறக்கிவிட்டுப் பதவிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்ற பேச்சை அவரால் தாங்க முடியாது. பாகிஸ்தான் இல்லாமல் இஸ்லாமிய மாநாடு முடிந்தால் ஃபைசலின் கனவு முதல் நாளே உடையும். இந்தியா வெளியே போனால் நஷ்டம் குறைவு. பார்வையாளராக இருங்கள், அல்லது நீங்களே விலகிக்கொள்ளுங்கள் என்று பக்ருத்தீன் அலி அகமதுவிடம் கேட்டுப் பார்த்தார்கள். அழைத்ததால்தானே வந்தோம், விலகமாட்டோம் என்று அவர் மறுத்துவிட்டார். கடைசி அமர்வு இந்தியா இல்லாமல் நடந்தது.

பிரகடனத்தில் என்ன இருந்தது

செப்டம்பர் 25 அன்று வெளியான பிரகடனம் தீவைப்புக்கு ஆழ்ந்த வேதனை தெரிவித்தது. 1967 ஜூனுக்கு முந்தைய ஜெருசலேமின் நிலை திரும்ப வேண்டும், பிடித்த நிலங்களை இஸ்ரேல் காலி செய்ய வேண்டும், பாலஸ்தீன மக்களின் போராட்டத்துக்கு முழு ஆதரவு என்றது. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ் நான்கையும் தலையிடக் கேட்டது. இஸ்ரேலோடு உறவை முறிக்க வேண்டும் என்ற பேச்சு ஈரானும் துருக்கியும் இருந்த சபையில் தீர்மானமாகவில்லை. இரு நாடுகளும் வந்தபடியே திரும்பின.

மூன்று மாதம் கழித்து, டிசம்பரில், அதே ரபாத்தில் அரபு உச்சி மாநாடு கூடியது. இந்த முறை நாசரே வந்தார். போருக்கு யார் எவ்வளவு பணம், எத்தனை படை தருவீர்கள் என்று நேரடியாகக் கேட்டார். ஒரு முடிவும் இல்லாமல் கூட்டம் கலைந்தது. இரண்டு மாநாட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. செப்டம்பரில் எல்லோராலும் ஒப்புக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், அந்தப் பிரகடனம் எந்த அரசின் கருவூலத்தையும் தொடவில்லை, எந்த அரசின் கூட்டாளியையும் மாற்றச் சொல்லவில்லை. மக்களின் துயரம் உண்மை, தலைவர்கள் அதைப் பேசியதும் உண்மை. ஆனால் அந்தத் துயரத்துக்காக ஓர் அரசு தன் நலனை எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்ற கேள்வி ரபாத்தில் கேட்கப்படவே இல்லை. அன்று கேட்காமல் விட்டது பின்னால் வந்த ஒவ்வொரு மாநாட்டிலும் குறையாகத் தொடர்ந்தது என்பது என் துணிபு.

டெல்லியில் விழுந்த அடி

மொராக்கோவிலிருந்து தன் தூதரையும், ஜோர்டானிலிருந்து தன் பிரதிநிதியையும் இந்தியா திரும்ப அழைத்தது. அப்போதைய வெளியுறவு அமைச்சர் தினேஷ் சிங் நாடாளுமன்றத்தில் நெருப்பின் மேல் நின்றார். மதச்சார்பற்ற நாடு மத மாநாட்டுக்கு ஏன் போனது என்று ஒரு பக்கம். போய் அவமானப்பட்டு ஏன் திரும்பியது என்று மறுபக்கம். நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. உடைந்த கையோடு கூடிய மக்களவையில் இந்திரா காந்தி அரசுக்கு வந்த முதல் சோதனையே ரபாத் பற்றிய ஒத்திவைப்புத் தீர்மானம்தான். பெரும்பான்மை இழந்திருந்த அரசு தப்பித்தது. காப்பாற்றியவர்களில் திமுக உறுப்பினர்களும் இருந்தார்கள். அண்ணா மறைந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம், கலைஞர் முதல்வர். டெல்லி அரசு தமிழ்நாட்டின் கையைப் பிடித்து நடக்கத் தொடங்கிய அந்த நாளுக்குப் பின்னால் மொராக்கோவில் மறுக்கப்பட்ட நாற்காலி ஒன்று இருந்ததை நம் அரசியல் வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை.

இந்தியா போனது தவறா? அன்றைய எதிர்க்கட்சிகள் சொன்னபடி, போனதே தவறு என்று நான் நினைக்கவில்லை. முஸ்லிம்கள் முதலில் முகம் நோக்கித் தொழுத கிப்லாவான ஜெருசலேமின் மேல் பாசம் கொண்ட 6 கோடிப் பேர் இந்த நாட்டுக் குடிமக்கள். 1931 ஜனவரியில் லண்டனில் இறந்த, இந்தியக் கிலாபத் இயக்கத் தலைவர் மௌலானா முகமது அலியை அக்ஸா வளாகத்தின் பக்கத்தில்தான் அடக்கம் செய்தார்கள். அந்த உறவு எந்த மாநாட்டின் அழைப்பிதழுக்கும் முந்தியது. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மக்களின் பெயரைச் சொல்லி வெளியூரில் நாற்காலி கேட்ட அரசு, அதே வாரம் உள்ளூரில் அவர்கள் உயிரைக் காக்கத் தவறியது. யாஹ்யாவின் பிடிவாதம் எவ்வளவு அநியாயமானாலும், அதற்கு ஒரு நாக்கைக் கொடுத்தது அகமதாபாத்.

ஐம்பது ஆண்டு கழித்து இதே காட்சி திருப்பிப் போடப்பட்டது. 2019 மார்ச் 1 அன்று, ரபாத் மாநாட்டிலிருந்து பிறந்த இஸ்லாமிய நாடுகளின் அமைப்பு அபுதாபியில் கூட்டிய வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துக்கு அப்போதைய இந்திய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் சிறப்பு விருந்தினராகப் போய்ப் பேசினார். பாகிஸ்தான் அமைச்சர் ஷா மஹ்மூத் குரேஷி புறக்கணித்தார். பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானப்படை நடத்திய தாக்குதல் முடிந்து சில நாள். அன்றுதான் பாகிஸ்தானிடம் பிடிபட்டிருந்த நம் ஊர் விமானி அபிநந்தன் வாகா வழியாகத் திரும்பினார். இந்த முறை காலியாக இருந்தது பாகிஸ்தானின் இடம். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இந்தியாவின் சந்தை அவ்வளவு தேவைப்பட்டது. ஆனாலும் அந்தக் கூட்டம் முடியும்போது காஷ்மீர் பற்றி இந்தியாவைக் கண்டித்துத் தீர்மானமும் வந்தது. விருந்தும் கண்டனமும் ஒரே கூட்டத்தில் சேர்ந்து வந்ததைப் பார்த்தால், அரசுகள் மதத்தின் பெயரில் கூடும் மேடையில் என்ன நடக்கிறது என்பது ரபாத்தைவிடத் தெளிவாகவே தெரிகிறது.

ஜித்தாவில் ஒரு தற்காலிக அலுவலகம்

ரபாத்தில் எடுத்த உருப்படியான முடிவு, அடுத்த ஆண்டு மார்ச்சில் வெளியுறவு அமைச்சர்கள் ஜித்தாவில் கூடுவது. அங்கே நிரந்தரத் தலைமைச் செயலகம் அமைப்பது முடிவானது. ஜெருசலேம் விடுதலையாகும் வரை தற்காலிகமாக ஜித்தாவில் இருக்கும் என்று அறிவித்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. முதல் பொதுச் செயலாளர் மலேசியாவின் துங்கு அப்துல் ரஹ்மான். 1969 மே கலவரத்தால் மனம் உடைந்து 1970 செப்டம்பரில் பிரதமர் பதவியிலிருந்து இறங்கியவர் அவர். அரபியரும் அல்லாத, பாகிஸ்தானியும் அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அரபு நாடுகளுக்கு இடையிலான போட்டியைக் கொஞ்சம் ஆற்றிவைத்தது. 1972இல் சாசனம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கி வந்தது. உறுப்பு நாடுகள் இன்று 57.

சாசனம் எழுதி முடிப்பதற்குள்ளேயே பெரிய சோதனை வந்துவிட்டது. 1971 மார்ச் 25 இரவு, டாக்காவில் யாஹ்யா கானின் ராணுவம் இறங்கியது. சுட்டவர்களும் முஸ்லிம்கள், செத்தவர்களில் ஏராளமானோரும் முஸ்லிம்கள். ஜித்தா செயலகம் பாகிஸ்தானின் ஒருமைப்பாட்டின் பக்கம் நின்றது. மூன்று ஆண்டு கழித்து லாகூரில் இரண்டாம் உச்சி மாநாடு கூடியபோது, பிரிந்துபோன வங்கதேசத்தின் ஷேக் முஜிபுர் ரஹ்மானை அதே லாகூருக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. அந்த அழைப்புக்குப் பின்னால் நடந்த பேரம் அடுத்த அத்தியாயத்தில்.